சந்தைப் பிரபுவும் ஃப்ளிக் பணமும்

2024 நவம்பரில் ஜெர்மனியில் கூட்டணி அரசு உடைந்தது ஞாபகம் இருக்கும். நிதியமைச்சர் கிறிஸ்டியான் லிண்ட்னர் 18 பக்கத்தில் ஒரு பொருளாதாரக் குறிப்பு தயாரித்தார். அது வெளியே கசிந்தது. சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸ் 6-ம் தேதி இரவு அவரைப் பதவியிலிருந்து தூக்கினார். அந்தக் குறிப்பு கசிந்த நாளிலிருந்தே ஜெர்மன் ஊடகங்களில் பதினைந்து வருடங்களுக்கு முன் செத்துப்போன ஒரு மனிதரின் பெயர் ஓயாமல் அடிபட்டது. ஓட்டோ கிராஃப் லாம்ஸ்டோர்ஃப். லிண்ட்னரின் அதே கட்சிக்காரர். கிராஃப் என்பது பிரபுக் குடும்பப் பட்டம். 1982-ல் அவரும் இப்படித்தான் ஒரு குறிப்பு எழுதினார், அப்போதும் அரசு கவிழ்ந்தது.

நான் ஜெர்மனியில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் பிரிவில் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒருவர் இருந்தார். சாந்தமான ஆள்தான். ஆனால் லாம்ஸ்டோர்ஃப் பெயரை எடுத்தால் போதும், காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுவார். 1980 தேர்தலில் அவருடைய கட்சிக்கு ஓட்டுப் போட்டவர் இவர். அந்தக் கோபம் ஆறவே இல்லை. "அந்தக் கைத்தடிக்காரர்" என்றுதான் சொல்வார். பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்.

அவர் சொல்லித்தான் நான் லாம்ஸ்டோர்ஃப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். வாசிக்க வாசிக்க எனக்குத் தோன்றியது வேறு. எல்லாரும் அந்த 1982 குறிப்பையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவருடைய வாழ்க்கையில் அதைவிடப் பெரிய கதை ஃப்ளிக் என்ற ஒரு குடும்பப் பெயரைச் சுற்றி இருக்கிறது.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1926-ல் ஆகனில் பிறந்தார். பால்டிக் பகுதி ஜெர்மன் பிரபு வம்சம். 1944-ல், பள்ளிப் பருவம் முடியும் முன்பே ராணுவத்துக்கு இழுக்கப்பட்ட தலைமுறை. போர் முடிய சில வாரங்களே இருந்தபோது, 1945 ஏப்ரலில், விமானத் தாக்குதலில் படுகாயமடைந்து இடது காலை இழந்தார். அந்தக் கைத்தடி, அதன் வெள்ளிப் பிடி, எல்லாம் அப்போது வந்தது. பிற்காலத்தில் கேலிச்சித்திரக்காரர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. சட்டம் படித்து டாக்டர் பட்டம் வாங்கி, டுசல்டோர்ஃபில் ஒரு தனியார் வங்கியில் வேலை, அப்புறம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் நிர்வாகக் குழு. 1951-லேயே எஃப்.டி.பி. என்கிற சுதந்திர ஜனநாயகக் கட்சியில் சேர்ந்திருந்தார். 1972-ல் நாடாளுமன்றம். 1977-ல் பொருளாதார அமைச்சர்.

எஃப்.டி.பி. எப்போதும் சின்னக் கட்சிதான். ஆனால் இரண்டு பெரிய கட்சிகளில் எது ஆள வேண்டுமென்பதை ரொம்ப காலம் தீர்மானித்தது அதுதான். அந்தக் கட்சிக்குள் இரண்டு வகைத் தாராளவாதிகள் உண்டு. கெர்ஹார்ட் பௌம், ஹில்டெகார்ட் ஹாம்-ப்ரூஷர் போன்றவர்களுக்குக் குடியுரிமைகளும் கருத்துச் சுதந்திரமும் முதல். லாம்ஸ்டோர்ஃபுக்குச் சந்தை முதல். விலையை அரசு கட்டுப்படுத்தக் கூடாது, மானியம் கூடாது, வரி குறைவாக, சீராக இருக்க வேண்டும், போட்டி நடக்க வேண்டும். பழைய செவ்வியல் தாராளவாதம். 'சந்தைப் பிரபு' என்று பட்டப்பெயரே வைத்தார்கள்.

1980 தேர்தலில் எஃப்.டி.பி. சமூக ஜனநாயகக் கட்சியின் ஹெல்முட் ஷ்மிட்டோடு கூட்டணியைத் தொடர்வோம் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டது. 10.6 சதவீதம் கிடைத்தது. இரண்டு வருடத்தில் நிலைமை மாறிவிட்டது. இரண்டாவது எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பொருளாதாரம் சுருங்கியது, வேலையில்லாதவர் எண்ணிக்கை 20 லட்சத்தை நோக்கிப் போனது, பட்ஜெட்டில் பெரிய ஓட்டை. லாம்ஸ்டோர்ஃப் வெளியே பேட்டிகளில் அரசை விமர்சித்துக்கொண்டே இருந்தார். சொல்வதை எழுத்தில் கொடுங்கள் என்றார் ஷ்மிட்.

கொடுத்தார். 1982 செப்டம்பர் 9 தேதியிட்ட குறிப்பு. வேலையில்லாதோர் உதவித்தொகையைக் குறைக்க வேண்டும், மாணவர் உதவித்தொகையைக் கடனாக மாற்ற வேண்டும், ஓய்வூதியக்காரர்கள் மருத்துவக் காப்பீட்டுக்குப் பங்கு கட்ட வேண்டும், தொழில் வரியைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும், அந்த இழப்பை மதிப்புக்கூட்டு வரியை உயர்த்தி ஈடுகட்ட வேண்டும், வாடகைச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று போகிறது. பெரும்பகுதியை எழுதியவர் அமைச்சக அதிகாரி ஹன்ஸ் டீட்மையர். பின்னாளில் ஜெர்மன் மத்திய வங்கியின் தலைவரானவர். கையெழுத்து லாம்ஸ்டோர்ஃபுடையது, வசவும் அவருக்கே.

சமூக ஜனநாயகக் கட்சி ஏற்கவே முடியாத பட்டியல் இது. தெரிந்தேதான் எழுதினார்களா என்பதில் இன்றுவரை சண்டை. 'விவாகரத்துப் பத்திரம்' என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. செப்டம்பர் 17 அன்று எஃப்.டி.பி. அமைச்சர்கள் நான்கு பேரும் ஷ்மிட் தூக்குவதற்கு முன்பே ராஜினாமா செய்தார்கள். அக்டோபர் 1-ம் தேதி நாடாளுமன்றத்தில் எஃப்.டி.பி. ஆதரவோடு, 256 ஓட்டுகளுடன், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் ஹெல்முட் கோல் சான்சலரானார். அடுத்த சில நாளில் லாம்ஸ்டோர்ஃப் அதே பொருளாதார அமைச்சகத்தில், அதே நாற்காலியில்.

அன்றைய விவாதத்தில் ஹாம்-ப்ரூஷர் தம் சொந்தக் கட்சிக்கு எதிராகவே எழுந்து பேசினார். மக்களிடம் போகாமல் ஷ்மிட்டை இறக்குவதும் சரியில்லை, மக்களிடம் போகாமல் கோலை ஏற்றுவதும் சரியில்லை என்பது அவர் வாதம். எனக்கு அதில் மறுப்பு இல்லை. குறிப்பில் இருந்த பொருளாதாரம் சரியா தவறா என்பது ஒரு கேள்வி. ஒரு சான்சலரின் பெயரைச் சொல்லி வாங்கிய ஓட்டை வைத்து இன்னொருவரை உட்கார வைக்கலாமா என்பது வேறு கேள்வி. என் சக ஊழியரின் கோபம் இந்த இரண்டாவதன் மேல்தான். அவருக்குத் தொழில் வரி பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது.

செப்டம்பர் கடைசியில் நடந்த ஹெஸ்ஸன் மாநிலத் தேர்தலில் எஃப்.டி.பி. 3.1 சதவீதத்துக்கு விழுந்து சட்டமன்றத்தை விட்டே வெளியேறியது. குந்தர் ஃபெர்ஹாய்கன் போன்றவர்கள் கட்சியை விட்டுப் போய் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார்கள். 1983 மார்ச் பொதுத்தேர்தலில் 7 சதவீதத்தோடு எஃப்.டி.பி. தப்பித்தது.

சரி, குறிப்பு என்னாயிற்று? மாணவர் உதவித்தொகையைக் கோல் அரசு உடனே முழுக் கடனாக மாற்றியது. ஓய்வூதியக்காரர்கள் மருத்துவக் காப்பீட்டுக்குக் கட்ட ஆரம்பித்தார்கள். தொழில் வரி இன்றும் இருக்கிறது. வேலையில்லாதோர் உதவியில் பெரிய வெட்டு வந்தது 2003-க்குப் பிறகு, கெர்ஹார்ட் ஷ்ரோடர் ஆட்சியில். ஷ்ரோடர் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். அரசியலில் இந்த மாதிரி நடப்பது புதிதல்ல, விட்டுவிடலாம்.

இனி ஃப்ளிக்.

1975-ல் ஃப்ளிக் குடும்பத்தின் தொழில் குழுமம் தன்னிடமிருந்த டைம்லர்-பென்ஸ் பங்குகளில் பெரும்பகுதியை டாய்ச்ச வங்கிக்குச் சுமார் 190 கோடி மார்க்குக்கு விற்றது. அந்த லாபத்துக்குச் சாதாரணமாக வரி கட்டியிருந்தால் பாதிக்கு மேல் போயிருக்கும். ஆனால் வருமான வரிச் சட்டத்தில் 6பி என்று ஒரு பிரிவு. விற்ற பணத்தை மறுபடி முதலீடு செய்தால், அந்த முதலீடு நாட்டுப் பொருளாதாரத்துக்கு நன்மை தருவது என்று பொருளாதார அமைச்சகம் சான்றளித்தால், வரி விலக்கு. நிதி அமைச்சகத்தின் சம்மதமும் வேண்டும். ஃப்ளிக் அந்தப் பணத்தில் ஒரு பகுதியை அமெரிக்காவின் கிரேஸ் என்ற ரசாயன நிறுவனத்தில் போட்டது. அமெரிக்க நிறுவனத்தில் பங்கு வாங்குவது ஜெர்மன் பொருளாதாரத்துக்கு எப்படி நன்மை? தொழில்நுட்பம் வரும் என்று ஏதோ சொன்னார்கள். முதலில் பொருளாதார அமைச்சர் ஹன்ஸ் ஃப்ரிடெரிக்ஸ், அவருக்குப் பின் லாம்ஸ்டோர்ஃப். இரண்டு பேர் காலத்திலும் சான்று கிடைத்தது. இருவரும் எஃப்.டி.பி.

இது வெளியே வந்த விதமே தனிக் கதை. அப்போதைய தலைநகரான பான் நகருக்குப் பக்கத்தில் சாங்க்ட் அகஸ்டீன் என்ற ஊர். அங்கே ஒரு கத்தோலிக்க மிஷனரி சபை. ஃப்ளிக் குழுமம் சபைக்கு நன்கொடை கொடுக்கும், ரசீது வாங்கி வரியில் கழித்துக்கொள்ளும். கொடுத்ததில் பத்துக்கு எட்டுப் பங்கு ரொக்கமாக ஃப்ளிக்கிடமே திரும்பி வரும். ஒரு பங்கு சபைக்கு, ஒரு பங்கு இடைத்தரகருக்கு. கணக்கில் வராத அந்த ரொக்கம்தான் கட்சிக்காரர்களுக்கு உறைகளில் போனது. உள்ளூர் வரித்துறையின் புலனாய்வாளர் ஒருவர் இந்த நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய், 1981-ல் ஃப்ளிக்கின் தலைமைக் கணக்காளர் வைத்திருந்த பட்டியலை எடுத்துவிட்டார். நல்ல ஒழுங்கான கணக்காளர். தேதி, தொகை, யார் பொருட்டு என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார். கோல் பொருட்டு, ஸ்ட்ராஸ் பொருட்டு, கிராஃப் லாம்ஸ்டோர்ஃப் பொருட்டு. எந்தப் பெரிய கட்சியும் மிச்சமில்லை. ஃப்ளிக்கின் மேலாளர் எபர்ஹார்ட் ஃபான் பிரௌஹிட்ச் இந்த வேலையை 'பான் நிலப்பரப்பைப் பராமரித்தல்' என்றார். தோட்ட வேலை மாதிரி.

கட்சிகள் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? தங்களுக்குத் தாங்களே பொதுமன்னிப்புச் சட்டம் போட்டுக்கொள்ளப் பார்த்தார்கள். 1984 மே மாதம் அந்த முயற்சியைத் தடுத்து நிறுத்தியதில் எஃப்.டி.பி.யின் அடிமட்டத் தொண்டர்களுக்கு முக்கியப் பங்கு. எங்கள் அமைச்சரைக் காப்பாற்ற வேண்டுமானால் இப்படி வேண்டாம் என்று கட்சிக்குள்ளேயே எதிர்த்தார்கள். அந்தக் கட்சி பற்றி எனக்குப் பிடித்த சில விஷயங்களில் இது ஒன்று.

1983 இறுதியில் வழக்குத் தொடர விடாமல் லாம்ஸ்டோர்ஃபுக்கு இருந்த நாடாளுமன்றப் பாதுகாப்பு நீக்கப்பட்டது. 1984 ஜூனில் வழக்கு விசாரணைக்கு ஏற்கப்படும் என்று ஆனதும் அமைச்சர் பதவியை விட்டார். 1985 ஆகஸ்டில் பான் மாவட்ட நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கி ஒன்றரை வருடம் நடந்தது. 1987 பிப்ரவரி 16 அன்று தீர்ப்பு. வரி விலக்குக்காக லஞ்சம் வாங்கினார் என்பது நிரூபணமாகவில்லை. ஆனால் எஃப்.டி.பி.யின் நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலப் பொருளாளராக இருந்த காலத்தில் கட்சி நன்கொடைகளைப் பொது நல அமைப்புகள் வழியாகச் சுற்றி விட்டு வரி ஏய்ப்புக்குத் துணைபோனார் என்பது உறுதியானது. அபராதம் 1,80,000 மார்க். ஃப்ரிடெரிக்ஸுக்கு 61,500. பிரௌஹிட்சுக்கு நிறுத்திவைத்த சிறைத்தண்டனையும் 5,50,000 மார்க் அபராதமும்.

சட்டப்படி இதோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை. அரசு தொழிலதிபர்களுக்கு விருப்பப்படி சலுகை கொடுக்கும் அதிகாரம் வைத்திருந்தால் தொழிலதிபர்கள் அமைச்சர் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள் என்பது செவ்வியல் தாராளவாதத்தின் அரிச்சுவடி. அதனால்தான் மானியம் வேண்டாம், விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்பார்கள். 6பி பிரிவு அப்படிப்பட்ட விருப்ப அதிகாரத்துக்குக் கச்சிதமான உதாரணம். எந்த முதலீடு நாட்டுக்கு நல்லது என்று அமைச்சகத்து அதிகாரி உட்கார்ந்து முடிவு செய்வதாம். வேறு யாராவது இப்படி ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தால் லாம்ஸ்டோர்ஃபே நார் நாராகக் கிழித்திருப்பார். சந்தைக்காரர் என்று பெயரெடுத்தவர், சந்தையில் யாருக்கு விலக்கு என்று முடிவு செய்யும் மேசையில் உட்கார்ந்து முத்திரை குத்தினார். லஞ்சம் வாங்கினாரா இல்லையா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். அந்தப் பிரிவே கூடாது என்று 1977-ல் முதல் நாளே அவர் சொல்லியிருக்க வேண்டும்.

தண்டனை பெற்றவர் அடுத்த வருடமே, 1988-ல், கட்சித் தலைவரானார். இர்ம்கார்ட் ஆடம்-ஷ்வேட்சரைக் கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜெர்மானியர்கள் கறார் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஐந்து வருடம் தலைவர். கிழக்கும் மேற்கும் இணைந்த காலம். 1990 ஆகஸ்டில் ஹானோவரில் கிழக்கு ஜெர்மனியின் பழைய அடிவருடிக் கட்சிகளில் சிலவற்றையும் சேர்த்துக்கொண்டு எஃப்.டி.பி. விரிந்தது. உறுப்பினர் எண்ணிக்கை ஒரே வீச்சில் இரட்டிப்புக்கும் மேல். கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு நாற்பது வருடம் தலையாட்டியவர்கள் சந்தைப் பிரபுவின் கட்சியில். அந்த டிசம்பர் தேர்தலில் 11 சதவீதம். கிழக்குப் பகுதியைக் குறைந்த வரி மண்டலமாக அறிவிக்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. 1993-ல் தலைமையை கிளவுஸ் கிங்கலிடம் விட்டார். 1998-ல் நாடாளுமன்றத்திலிருந்தும் ஓய்வு.

அவ்வளவுதான் என்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இரண்டாம் உலகப்போரில் நாஜி ஜெர்மனி ஒரு கோடிக்கும் மேற்பட்ட மனிதர்களைப் பிற நாடுகளிலிருந்தும் முகாம்களிலிருந்தும் பிடித்து வந்து ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வயல்களிலும் வேலை வாங்கியது. ஐம்பது வருடமாகியும் அவர்களில் பெரும்பாலானோருக்கு, முக்கியமாகக் கிழக்கு ஐரோப்பாவில் இருந்தவர்களுக்கு, ஒரு காசு வரவில்லை. 1998 வாக்கில் அமெரிக்க நீதிமன்றங்களில் ஜெர்மன் நிறுவனங்கள் மீது கூட்டு வழக்குகள் குவிந்தன. 1999 பிப்ரவரியில் டைம்லர், சீமன்ஸ், பாயர், ஃபோல்க்ஸ்வாகன், டாய்ச்ச வங்கி உள்ளிட்ட பன்னிரண்டு நிறுவனங்கள் ஒரு நிதி அமைப்பதாக அறிவித்தன. அந்த ஜூலையில் பேச்சுவார்த்தைக்கு அரசின் பிரதிநிதியாக ஷ்ரோடர் நியமித்தது லாம்ஸ்டோர்ஃபை. எதிர்க்கட்சிக்காரர், 72 வயது. முதலாளிகளின் பாஷை தெரிந்தவர். அமெரிக்காவில் நண்பர்கள் உண்டு.

அமெரிக்கத் தரப்பில் ஸ்டூவர்ட் ஐசன்ஸ்டாட். மேசையைச் சுற்றி போலந்து, உக்ரைன், ரஷ்யா, பெலாரூஸ், செக், இஸ்ரேல் பிரதிநிதிகள், யூத அமைப்புகள், வழக்கறிஞர்கள், நிறுவனங்கள். ஜெர்மன் தரப்பு முதலில் 600 கோடி மார்க் என்றது. வழக்கறிஞர்கள் அதைப் போல் பல மடங்கு கேட்டார்கள். 800 என்று ஏறி, 1999 டிசம்பரில் 1,000 கோடியில் வந்து நின்றது. பாதி அரசு, பாதி நிறுவனங்கள். டிசம்பர் 17 அன்று ஜனாதிபதி யோஹானஸ் ராவ் அந்தத் தொழிலாளிகளிடம் ஜெர்மன் மக்களின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். நிறுவனங்களுக்கு வேண்டியிருந்தது இனி அமெரிக்காவில் வழக்கு வராது என்ற உத்தரவாதம். அதற்காகத்தான் பணம் என்பதை அவர்கள் மறைக்கவுமில்லை. சேர்ந்த நிறுவனங்கள் சில ஆயிரம் ஆனாலும் 500 கோடியைத் திரட்டுவதற்குள் மூச்சு முட்டிவிட்டது. பங்கு தராமல் நழுவிய நிறுவனங்களை லாம்ஸ்டோர்ஃப் வெளிப்படையாகவே கண்டித்தார்.

சரி, ஆளுக்கு எவ்வளவு? வதைமுகாமிலும், யூதர்களை அடைத்து வைத்த கெட்டோ என்ற பகுதிகளிலும் அடிமையாக வேலை செய்தவருக்கு அதிகபட்சம் 15,000 மார்க், அதாவது 7,670 யூரோ. நாடு கடத்தப்பட்டு ஆலையில் வேலை செய்தவருக்கு அதிகபட்சம் 5,000 மார்க், 2,556 யூரோ. பதினேழு வயதில் உக்ரைனிலிருந்து ரயிலில் ஏற்றப்பட்டு மூன்று வருடம் ஆலையில் கிடந்த ஒரு பெண்ணுக்கு, எழுபத்தைந்து வயதில், அந்த 2,556-தான். சோவியத் போர்க்கைதிகளுக்கும் இத்தாலிய ராணுவக் கைதிகளுக்கும் பொதுவாக அதுவும் கிடையாது. நியாயமான தொகை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர்கள் வருடத்துக்கு வருடம் செத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு இன்னும் இரண்டு வருடம் இழுத்திருந்தால் வாங்க இன்னும் குறைவான ஆட்களே இருந்திருப்பார்கள். 2001 ஜூனில் பட்டுவாடா தொடங்கி 2007-ல் முடிந்தபோது 16.6 லட்சம் பேருக்கு 437 கோடி யூரோ போய்ச் சேர்ந்திருந்தது. 1982 குறிப்பால் இவ்வளவு பேர் கையில் எதுவும் போகவில்லை. லாம்ஸ்டோர்ஃப் செய்ததில் பெரியது இதுதான் என்பேன். சந்தையால் ஒருபோதும் தீர்க்க முடியாத கணக்கு என்பதால் அரசின் பெயரால்தான் அதைச் செய்தார்.

ஃப்ளிக்குக்கு வருகிறேன். குழுமத்தை வளர்த்த ஃப்ரீட்ரிக் ஃப்ளிக் 1947-ல் நூரம்பெர்க்கில் தண்டிக்கப்பட்டவர். குற்றங்களில் முக்கியமானது அடிமை உழைப்பு. ஏழு வருடத் தண்டனை, 1950-லேயே விடுதலை. அப்புறம் மறுபடி நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவரானார். டைம்லர் பங்குகள் அந்தக் காலத்துச் சேகரிப்பு. முகாம்களிலிருந்து வந்து தம் ஆலைகளில் வேலை செய்தவர்களுக்கு ஒன்றும் தராமலே 1972-ல் செத்தார். அவர் மகன் காலத்தில்தான் பங்கு விற்பனை, 6பி, உறைகள் எல்லாம். மகன் 1985-ல் மொத்தக் குழுமத்தையும் டாய்ச்ச வங்கிக்கு விற்றார். பெயர் மாறி அது ஃபெல்ட்மூலே நோபல் ஆன பிறகுதான், 1986-ல், யூத அடிமைத் தொழிலாளிகளுக்கென்று 50 லட்சம் மார்க் கொடுக்கப்பட்டது. 190 கோடிக்கு வரி விலக்குக் கேட்ட அதே பணப்பெட்டி என்பதை மறக்கக் கூடாது. பேரன்களில் ஒருவர் 2005-ல், தம்முடைய ஓவியச் சேகரிப்பை பெர்லினில் காட்சிக்கு வைத்து ஏகப்பட்ட எதிர்ப்பு வாங்கிய பிறகு, லாம்ஸ்டோர்ஃப் பேசி உருவாக்கிய அந்த அறக்கட்டளைக்கு 50 லட்சம் யூரோ தந்தார்.

ஆக, 1970-களில் வரி விலக்குச் சான்றில் எந்தப் பெயர் இருந்ததோ, அதே பெயர் கால் நூற்றாண்டு கழித்து இந்தக் கணக்கிலும் இருக்கிறது. லாம்ஸ்டோர்ஃப் இதைப் பற்றி மனதுக்குள் என்ன நினைத்தார் என்று ஊகிக்க நான் தயாரில்லை. பிரபு வம்சத்து ஆள், உணர்ச்சிகளைக் கடை விரிக்கிற பழக்கம் இல்லாதவர். பரிகாரம் செய்தார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வங்கிக்காரராகத் தொடங்கியவர், பாக்கியைத் தீர்க்கச் சொன்னார்கள், முடிந்த அளவுக்குத் தீர்த்துக்கொடுத்தார்.

2009 செப்டம்பர் தேர்தலில் எஃப்.டி.பி. 14.6 சதவீதம் எடுத்தது, அதன் வரலாற்றிலேயே அதிகம். முழுக்க வரிக் குறைப்புப் பிரசாரம். ஆட்சிக்கு வந்ததும் எளிய, சீரான வரி என்ற வாக்குறுதியிலிருந்து முதலில் கிடைத்தது ஓட்டல்களுக்கு ஒரு தனிச் சலுகை. அறை வாடகை மீதான மதிப்புக்கூட்டு வரி 19 சதவீதத்திலிருந்து 7 ஆனது. கூட்டணியிலிருந்த பவேரியக் கட்சியான சி.எஸ்.யு.வும் சேர்ந்து கேட்டதுதான், ஆனால் பெயர் கெட்டது இவர்களுக்கு. மூவன்பிக் ஓட்டல்களில் பங்குள்ள ஒரு கோடீஸ்வரக் குடும்பத்தின் நிறுவனத்திடமிருந்து எஃப்.டி.பி. 11 லட்சம் யூரோ நன்கொடை வாங்கியிருந்தது பிறகு வெளியே வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றது கட்சி. இந்தத் தடவை நன்கொடை முறைப்படி அறிவிக்கப்பட்டதுதான், உறை எதுவும் இல்லை. ஆனாலும் குறிப்பிட்ட ஒரு தொழிலுக்கு மட்டும் விலக்கு என்ற பழைய மேசையில் கட்சி மறுபடி போய் உட்கார்ந்துவிட்டது. நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது 2009 டிசம்பர் 4. லாம்ஸ்டோர்ஃப் பான் நகரில் இறந்தது அடுத்த நாள். நான்கு வருடம் கழித்து 4.8 சதவீதத்தோடு கட்சி நாடாளுமன்றத்தை விட்டே வெளியே போனது. அறை வாடகைக்கு இன்றும் 7 சதவீதம்தான்.